டாட்டா சொல்லாத வீடு: பேச்சுத் தாமதமும் பிரிவுப் பதற்றமும் - ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச்சில் அந்தப் பையன் பாளையங்கோட்டையில் உள்ள என் பேச்சுப் பயிற்சி அறைக்கு வந்தபோது அவனுக்கு 2 வயது 5 மாதம். வந்தான் என்பதைவிட, அம்மாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்தான் என்பதே சரி. ஒரு கை அம்மாவின் கழுத்தைச் சுற்றி. இன்னொரு கையில் அவர் துப்பட்டாவின் முனை. கூடவே அப்பாவைப் பெற்ற ஆச்சி. ஆச்சியின் பையில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மாற்று உடை இரண்டு. "அழுதா வாந்தி எடுத்துருவான், அதான்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

கேஸ் ஷீட்டில் 'முக்கியக் குறை' என்ற இடத்தில் "பேச்சு வரவில்லை" என்று எழுதினேன். அடுத்த வரியில் அம்மா சொன்னதை அவர் வாய்மொழியாகவே எழுதினேன்: "என்னை விட்டு நகர மாட்டேங்கான்." இரண்டையும் தனித்தனிக் குறைகளாகத்தான் அன்று நினைத்தேன். முதலாவது என் வேலை, இரண்டாவதற்குக் குழந்தை உளவியலாளரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று தெரிய ஏழு வாரம் ஆனது.

அன்று இன்னொன்றையும் குறித்து வைத்தேன். பையன் சிணுங்க ஆரம்பித்ததும் ஆச்சி அவன் கையில் போனைக் கொடுத்தார். பொதுவாக இந்த வயதுப் பிள்ளைகள் போனைப் பார்த்தால் அடங்கிவிடும். இவன் போனை வாங்கிக்கொண்டான். கூடவே அம்மாவை இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதோடு சரி.

வீட்டிலிருந்து கிடைத்த விவரம்

2020 அக்டோபரில் பிறந்தவன். நிறைமாதம், சிசேரியன், எடை 2.8 கிலோ, பிறந்ததும் அழுதிருக்கிறான். தலை நின்றது, உட்கார்ந்தது, நடந்தது எல்லாம் காலத்தில்; 13 மாதத்தில் நடை. வலிப்பு கிடையாது. அடிக்கடி சளி, தூங்கும்போது வாய் திறந்திருக்கும், லேசான குறட்டை. அப்பா ஷார்ஜாவில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். கொரோனாக் காலம் என்பதால் குழந்தைக்கு ஒன்றே முக்கால் வயதாகும்வரை வீட்டிலிருந்தே வேலை செய்திருக்கிறார். 2022 விஜயதசமியன்று ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் போனான். ஒன்பது நாளும் வாந்தி. பத்தாம் நாள் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் செய்து பார்த்ததையும் ஆச்சி மறைக்காமல் சொன்னார். வசம்பு சுட்டு உரைத்து நாக்கில் தடவியாகிவிட்டது. நாக்குக்கு அடியில் ஒட்டு இருக்கும், அறுத்துவிட்டால் பேசுவான் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார் (நாக்கு ஒட்டு இருந்தால் சில ஒலிகள் பிசகலாம், பேச்சே வராமல் போகாது, இவனுக்கு அதுவும் இல்லை). திருச்செந்தூருக்கு நேர்ந்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் பேசாத பிள்ளை உள்ள வீடுகளில் குமரகுருபரர் பெயர் கட்டாயம் வரும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயதுவரை பேசாமலிருந்து, செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்தார் என்பது வரலாறு. "அவரே அஞ்சு வயசுலதான பேசினாரு. இவன் அப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்." முதலாவதை நான் எதிர்த்துப் பேசுவதில்லை. இரண்டாவதைக் கவனமாகக் குறித்துக்கொள்வேன். அப்பா தாமதமாகப் பேசினார் என்பதை வீட்டார் ஆறுதலாகச் சொல்கிறார்கள். எங்களுக்கோ அது குடும்ப வழியில் வரும் ஓர் எச்சரிக்கை. பேச்சுத் தாமதம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது நன்கு தெரிந்த விஷயம்.

மதிப்பீடு

ஒரு வாரம் பையன் தானாகச் சொல்லும் எல்லாச் சொற்களையும் நோட்டில் எழுதச் சொன்னேன். அம்மா 31 எழுதிக்கொண்டு வந்தார். அதில் 17 ஆங்கில எழுத்துகளும் நிறங்களும் - ஏ, பி, சி, எல்லோ, புளூ. போனில் பாட்டு ஓடும்போது கூடவே சொல்வானாம். அவற்றை அடித்துவிட்டேன். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. கேட்கவோ, கூப்பிடவோ, காட்டவோ, வேண்டாம் என்று சொல்லவோ பயன்படாத ஒலியை நாங்கள் சொல்லாகக் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் இவன் டம்ளரைத் தூக்கிக் காட்டுவான். 'தண்ணி' என்ற சொல் அவனிடம் இல்லை. மிச்சம் 14: அம்மா, ஆத்தி (ஆச்சிதான்), மம்மம், பா, காக்கா, மியா, பூ, இந்தா, ஆய் இப்படி.

இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொல்லும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் புழங்கும் எல்லைக்கோடு. லெஸ்லி ரெஸ்கார்லா என்ற அமெரிக்க உளவியலாளர் 1989இல் வெளியிட்ட சொற்பட்டியலிலிருந்து பரவிய அளவு அது. இவனுக்கு 29 மாதம், 14 சொல், சேர்க்கை ஒன்றுகூட இல்லை. தாமதம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் புரிந்துகொள்வதில் அவ்வளவு பின்தங்கவில்லை. "செருப்ப எடுத்து ஆச்சிகிட்ட கொடு" என்றால் செய்வான், முகத்தைப் பார்த்துச் சொன்னால்.

எல்லோரும் பயப்படும் ஆட்டிசம் பற்றி: 16 முதல் 30 மாதம்வரைப் பயன்படுத்தும் எம்-சாட் கேள்விப் பட்டியலின் 20 கேள்விகளில் இவன் எடுத்தது 2, அது குறைந்த வாய்ப்பு என்ற வரம்புக்குள் வரும். பட்டியலைவிட எனக்கு நம்பிக்கை தந்தது ஒரு பல்லி. அறையின் மேற்சுவரில் ஊர்ந்த பல்லியைப் பார்த்து, விரலை நீட்டி, திரும்பி என் முகத்தைப் பார்த்தான், நானும் பார்க்கிறேனா என்று. மறுபடி பல்லி, மறுபடி என் முகம். அப்போதும் துப்பட்டா கையில்தான். நம் பிள்ளைத்தமிழில் நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடும் அம்புலிப் பருவத்தைக் குழந்தையின் ஒன்றேகால், ஒன்றரை வயதில் வைக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைப் பார்ப்பது நிலைப்படும் வயது அதுதான். பேச்சுக்கு அஸ்திவாரம் அங்கே. அது இவனிடம் திடமாக இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. "ஒரு வயசுல கையாட்டி டாட்டா சொல்வான், அப்புறம் அது நின்னுபோச்சு" என்றார் அம்மா. வந்த சொல் போய்விட்டது என்று கேட்டால் எந்த வயதிலும் சும்மா இருக்கக் கூடாது. எங்களுக்கு அது சிவப்புக் கொடி. வளர்ச்சிசார் குழந்தை மருத்துவரிடம் அனுப்பினேன். அவரும் துருவிக் கேட்டார். வேறு சொல் எதுவும் போகவில்லை, விளையாட்டு போகவில்லை, கண்ணைப் பார்ப்பது போகவில்லை. போனது அந்த ஒரே சொல். ஏன் என்று இருவருக்கும் பிடிபடவில்லை.

காது

பேச்சுத் தாமதத்துடன் வரும் எந்தக் குழந்தைக்கும் காதுப் பரிசோதனைதான் முதலில். "கூப்பிட்டா திரும்புதானே" என்று பெற்றோர் சொல்வதை வைத்து அதைத் தள்ளிப்போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இவனுக்கு ஒலிப்புலச் சோதனையில் (அறையில் ஒலி எழுப்பி, பிள்ளை திரும்புகிறதா என்று பார்ப்பது) 35 டெசிபல் அளவில்தான் பதில் வந்தது. நடுக்காது அழுத்தச் சோதனையில் இரண்டு காதிலும் கோடு தட்டையாக ஓடியது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதையும் வீங்கியிருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இந்த நீர் பெரும்பாலும் தானே வடிந்துவிடும் என்பதால் அவசரப்பட்டுச் செவிப்பறையில் குழாய் வைப்பதில்லை.

35 டெசிபல் என்றால் செவிடு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்கும். ஆனால் அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கு நடுவே அம்மா "இந்தா வாரேன்" என்று குரல் கொடுத்தால் கூடத்தில் இருக்கும் இவனுக்கு எட்டாது. இதை நான் பேச்சு வளர்ச்சிக் கணக்கில் மட்டுமே அப்போது எழுதினேன். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா கண்ணுக்கு மறைந்தாலும் குரல் கூடவே இருக்கும். இவனுக்குக் கண்ணில் மறைந்தால் காதிலும் மறைந்துவிடுவார் என்பது அப்போது தோன்றவில்லை.

நான் செய்த தப்பு

இரண்டாவது அமர்வில் பையன் கொஞ்சம் இளகி, தரையில் இறங்கி, கார் ஒன்றை உருட்டினான். துப்பட்டாவை விட்டிருந்தான். அம்மா இல்லாமல் எப்படி இருக்கிறான் என்று பார்க்கலாமே என்று கண்ஜாடை காட்டினேன். அம்மா மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார். அரை நிமிடம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தான். முதலில் சத்தமே இல்லை. வாய் திறந்திருந்தது, மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை. அப்புறம்தான் அலறல். அம்மா ஓடி வந்த பிறகும் இருபது நிமிடம் நிற்கவில்லை. ஆச்சி கொண்டுவந்திருந்த மாற்று உடை இரண்டும் தேவைப்பட்டன.

அதன் பிறகு மூன்று வாரம் என் வாசல் கேட்டைப் பார்த்தாலே அழுதான். வராந்தாவில்தான் பயிற்சி, அவன் அம்மா மடியில், நான் இரண்டு கஜம் தள்ளி. இருபது வருடம் இதே வேலையில் இருப்பவளுக்கு வரக்கூடாத அவசரம் அது.

எட்டு மாதம் வாக்கில் குழந்தைகளுக்குப் பிரிவுப் பதற்றம் வருவதும், ஒன்று, ஒன்றரை வயதில் உச்சத்துக்குப் போய் மூன்று வயதுக்குள் தணிவதும் இயல்பு. அதை நோய் என்று சொல்ல மாட்டோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு இதைக் கோளாறு என்று பெயரிட வைக்கும் நிபந்தனைகளில் இரண்டு: வயதுக்கு மிஞ்சியிருக்க வேண்டும், குழந்தைகளில் குறைந்தது 4 வாரம் நீடிக்க வேண்டும். இரண்டரை வயதில் எது மிஞ்சியது என்று கோடு போடுவது லேசில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுவது, தூக்கத்தில் விழித்து அம்மாவின் முகத்தைத் தடவிப் பார்ப்பது, வாந்தி, இவை எட்டு மாதமாகத் தொடர்வது எல்லாவற்றையும் கேட்ட குழந்தை உளவியலாளர், பெயர் வைக்காமலே வேலையை ஆரம்பிக்கலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

வராந்தாவில் ஒரு மாலை

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை. பயிற்சி முடிந்து பக்கத்து வீட்டுப் பெண் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையனைப் பார்த்துச் சிரித்து, "டாட்டா" என்று கையை ஆட்டினார். ஆச்சி பதறிவிட்டார். "ஏ தாயி, அந்தச் சொல்ல மட்டும் சொல்லாத!"

கேட்டேன். அப்போதுதான் கதை வந்தது.

2022 ஜூனில் அப்பா விடுப்பு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்பியிருக்கிறார். இரண்டு மாதம் அவர் தோளிலேயே கிடந்த பிள்ளை அழுமே என்று, ராத்திரி அவன் தூங்கியபின் கிளம்பிவிட்டார். காலையில் எழுந்தவன் நான்கு நாள் ஒவ்வோர் அறையாகப் போய்த் தேடியிருக்கிறான். சாயங்காலம் வீடியோ காலில் அப்பா முகம் வந்தால் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பானாம். அதை எல்லோரும் சிரிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஜூலையில் அம்மாவுக்கு அலுவலகம் திறந்தது. அக்டோபரில் மழலையர் பள்ளி. நான்கு மாதத்துக்குள் மூன்று பிரிவு. மூன்றையும் யாரும் அவனிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அலுவலகம் திறந்த முதல் நாள் டாட்டா சொல்லிவிட்டுப் போன அம்மாவைப் பார்த்துப் பையன் கத்தியதால், இரண்டாம் நாளிலிருந்து வேறு ஏற்பாடு. செருப்பு பக்கத்து வீட்டில். கைப்பையை அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே கொடுத்துவிடுவார்கள். ஆச்சி போனில் பாட்டுப் போட்டு அவன் கையில் கொடுப்பார். அம்மா பின்வாசல் வழியாகப் போய்விடுவார். வீட்டில் 'ஆபீஸ்' என்று யாரும் சொல்லக் கூடாது, 'ஓ எஃப்' என்றுதான் பேசிக்கொள்வார்கள். 'போறேன்' இல்லை, 'கிளம்பு' இல்லை, 'பஸ்' இல்லை. விருந்தாளிகள்கூட டாட்டா சொல்லாமல்தான் போக வேண்டும்.

நான் போட்டிருந்த இரண்டு கேள்விக்குறியும் அங்கேயே அழிந்தன. டாட்டா என்ற சொல்லைப் பையன் தொலைக்கவில்லை. வீடு அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டது. போன் கைக்கு வந்தால் அம்மா காணாமல் போவாள் என்பதைப் பத்து மாதமாகத் தினமும் கற்றவன், என் அறையில் போனைக் கொடுத்ததும் அம்மாவை இறுக்கிப் பிடித்ததில் என்ன அதிசயம்?

யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அழுகிற பிள்ளையை ஏமாற்றிவிட்டுப் போவது நம் வீடுகளில் அன்போடு செய்கிற காரியம். ஆனால் எப்போது மறைவாள் என்று தெரியாத அம்மாவைப் பிள்ளை ஒவ்வொரு நிமிடமும் காவல் காக்க வேண்டியிருக்கிறது. காவல் காக்கிறவன் விளையாட மாட்டான். மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டாவிலும், பிறகு அமெரிக்காவின் பால்டிமோரிலும் தாய்-சேய் இணைகளைக் கவனித்துச் சொன்னது இதுதான்: அம்மா நிலையாக இருக்கிறாள் என்ற நம்பிக்கை உள்ள பிள்ளைதான் அவளை விட்டு நகர்ந்து நாலு பொருளைத் தொட்டுப் பார்க்கும். பேச்சு அந்த நாலு பொருளில் இருக்கிறது. இந்தப் பையனின் ஒரு கை எப்போதும் துப்பட்டாவில். ஒற்றைக் கையால் எத்தனை விளையாட முடியும்?

அதற்காகப் பதற்றத்தால்தான் பேச்சு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். அப்பா வழித் தாமதம் இருக்கிறது, காதில் நீர் இருக்கிறது. எதிர்த்திசையிலும் கயிறு ஓடுகிறது: "எங்கே போறே, எப்ப வருவே" என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பதற்றத்தை இறக்கிவைக்க ஓர் இடம் உண்டு, இவனுக்கு அழுகையும் வாந்தியும்தான். கனடாவின் ஒட்டாவாவில் 1982இல் ஐந்து வயதில் மொழிக்குறை கண்டறியப்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, 19 வயதில் அவர்களிடம் பதற்றக் கோளாறுகள் மற்றவர்களைவிட அதிகம் இருந்தன. பெரும்பாலும் அது மனிதர் முன் வரும் கூச்சப் பதற்றம். பிரிவுப் பதற்றத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பேச்சையும் பயத்தையும் இரண்டு அறைகளில் வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது என்ற அளவில் எனக்குப் போதும்.

செய்தது

ஒளித்த சொற்களை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. அம்மா முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும், பார்த்துச் சொல்லிவிட்டு. தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள். 'போய்ட்டு வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வருவது விடைபெறும் சொல்லிலேயே இருக்கிறது. தினமும் அதே சொல், மாற்றாமல், முகத்துக்கு நேராக, ஒரே ஒரு தடவை: "அம்மா போய்ட்டு வாரேன்." சொன்ன பிறகு நின்று சமாதானம் செய்யக் கூடாது, திரும்ப உள்ளே வரக் கூடாது. எப்போது வருவார் என்பதற்கு மணிக்கணக்கு உதவாது. 'ஆச்சி விளக்கேத்துனதும்' என்று ஓர் அடையாளம்.

திரும்பி வந்ததற்கு ஒரு சாட்சியும் வேண்டும் என்று தோன்றியது. அம்மா டவுன் பஸ்ஸில் வருகிறவர். பெண்களுக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்கள். வந்ததும் அந்த டிக்கெட்டைப் பையன் கையில் கொடுக்கச் சொன்னேன். அவன் அதைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவான். இதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்கவில்லை. அம்மாவின் கைப்பைக்குள் கசங்கிக் கிடந்த டிக்கெட்டைப் பார்த்தபோது வந்த யோசனை, அவ்வளவுதான்.

இடையே சின்னச் சின்னப் பிரிவுகளைப் பழக்கினோம். துண்டால் முகத்தை மூடி "அம்மா எங்க?" என்று ஐந்து நொடி. கதவுக்குப் பின்னால் பத்து நொடி, அங்கிருந்து குரல் கொடுத்தபடி, காது மந்தம் என்பதால் சத்தமாக. பிறகு புழக்கடைவரை, தெருமுனைக் கடைவரை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு.

பேச்சுப் பயிற்சி என்று தனியாக மேசை நாற்காலி போடவில்லை. ஆச்சியிடம் ஒன்றை நிறுத்தச் சொன்னேன்: "இது என்ன, சொல்லு. சொல்லு பாப்போம். சொன்னாத்தான் தருவேன்." நாள் முழுக்கப் பரீட்சை எழுதுகிற பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். கேட்பதற்குப் பதில் நீங்கள் சொல்லுங்கள், சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை சும்மா இருங்கள் என்றேன். அந்த ஐந்துதான் ஆச்சிக்கு ரொம்பக் கஷ்டம். பையன் ஒரு சொல் சொன்னால் அதோடு ஒன்று சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்; அவன் 'காக்கா' என்றால் 'காக்கா பறக்கு'. ஆச்சிக்கு இது சீக்கிரமே கை வந்துவிட்டது. முருங்கைக்கீரை ஆயும்போது அவனை எதிரில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டே ஆய்வார்: "இலை. உருவு. குச்சி, தூரப் போடு." ஒரு முறத்துக் கீரைக்குள் 'போடு' என்ற சொல் ஐம்பது தடவை வந்துவிடும். என் அறையில் வாரத்துக்கு 45 நிமிடம் நான் செய்வதைவிட அது பெரிய பயிற்சி.

அம்மா பழக்கத்தில் "கம் பேபி, சிட் பேபி" என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஆகும் என்று யாரோ சொன்னது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. ஆனால் தனக்குச் சரளமாக வராத மொழியில் அம்மா பிள்ளையிடம் பேசினால் நாலைந்து சொற்களுக்கு மேல் கிடைக்காது. தமிழிலேயே பேசச் சொன்னேன். போன் ஒரு மணி நேரத்துக்குள். இரண்டு முதல் ஐந்து வயதுவரை அதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019இலும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இலும் சொன்ன உச்சவரம்பு. அம்மா கிளம்பும் நேரத்தில் போன் கண்டிப்பாகக் கூடாது. அப்பாவின் வீடியோ கால் இந்தக் கணக்கில் சேராது. பதில் பேசும் முகமும் பாட்டுப் பாடும் திரையும் ஒன்றல்ல.

நடந்தது

முதல் வாரம் மோசம். சொல்லாமல் போனபோது பத்து நிமிடத்தில் தெரிந்து அழுதவன், இப்போது சொன்ன நொடியிலேயே ஆரம்பித்து 40 நிமிடம் அழுதான். ஆச்சி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் காலண்டர் தாளில் எழுதி வைத்தார். "பழைய முறையே தேவலை மேடம், இது பாவமா இருக்கு" என்று அம்மா போனில் அழுதார். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: சாயங்காலம் நீங்கள் வரும்போது எப்படி இருக்கிறான்? யோசித்துச் சொன்னார், முன்பெல்லாம் வந்ததும் அடிப்பான், கடிப்பான், இப்போது டிக்கெட்டுக்குக் கை நீட்டுகிறான். சரி, இன்னும் பத்து நாள் பார்க்கலாம் என்றேன்.

மூன்றாம் வாரம் 25 நிமிடம். ஐந்தாம் வாரம் 5 முதல் 10. ஒருநாள் பஸ் பழுதாகி, விளக்கேற்றி ஒன்றரை மணி நேரம் கழித்து அம்மா வந்தார். மறுநாள் பழையபடி 40. அப்புறம் அதுவும் இறங்கியது.

ஜூன் கடைசியில், என் அறைக்குள்ளேயே, தரையில், அம்மா நாலடி தள்ளி உட்கார்ந்திருக்க, பையன் ஒரு பொம்மைப் பெண்ணை எடுத்து எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மூடினான். "போட்டு" என்றான். டம்ளரைத் தூக்கினான். "வாயேன்." மறுபடி மூடினான், "போட்டு", தூக்கினான், "வாயேன்." பதினோரு தடவை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. நான் ஒரு தடவை டம்ளரைத் தூக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டான். எப்போது தூக்குவது என்பதை அவன்தான் முடிவு செய்வான். 'போய்ட்டு வாரேன்' என்பதைத்தான் இரண்டாக உடைத்திருந்தான். சொற்சேர்க்கை என்று கணக்கெழுதினேன். அவன் முதல் சேர்க்கை அது. துப்பட்டா எங்கே என்று பார்த்தேன். அம்மா தோளில் இருந்தது.

ஜூலையில் காதுச் சோதனையில் வலது காது தெளிந்திருந்தது, இடதில் கொஞ்சம் மிச்சம். செப்டம்பரில் இரண்டும் சரி. அந்த மூன்று மாதத்தில் சொற்கள் திடீரென்று பெருகின. மூன்று வயதை எட்டும்போது அம்மாவின் நோட்டில் 160 தாண்டியிருந்தது. இதில் எவ்வளவு காதுக்கு, எவ்வளவு முன்வாசலுக்கு, எவ்வளவு கீரைக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாமதமாகப் பேசும் இரண்டு வயதுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பள்ளி வயதுக்குள் தானாகவே எட்டிப்பிடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எவர் எட்டுவார், எவர் தேங்குவார் என்று முன்கூட்டி அடையாளம் காண்பது கடினம் என்பதால் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாவிட்டால், இரண்டு வயதில் சொற்சேர்க்கை இல்லாவிட்டால், எந்த வயதிலும் வந்த சொல் போனால், உடனே காட்டுங்கள். தனியார் இடம் கட்டுப்படியாகாது என்றால் 2013இல் தொடங்கிய அரசின் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே கட்டணம் இல்லை.

2023 விஜயதசமிக்கு மறுபடி பள்ளி, வேறோர் இடம். ஆச்சி மூன்று நாள் வகுப்பறைக்குள், நான்கு நாள் வராந்தாவில், அப்புறம் கேட்டுக்கு வெளியே. முதல் மூன்று வாரம் பள்ளியில் ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டில் பேசிப் பள்ளியில் மட்டும் ஊமையாக இருக்கும் இன்னொரு பதற்றம் உண்டு, அதுவோ என்று கவலைப்பட்டேன். பள்ளியின் முதல் மாதத்தை அதில் கணக்கெடுக்கக் கூடாது என்பதால் பொறுத்தோம். நாலாம் வாரம் பக்கத்துப் பையனிடம் "தா" என்றானாம்.

2024 ஜூனில் கடைசியாகப் பார்த்தேன். 3 வயது 8 மாதம். நாலைந்து சொல் வாக்கியம் பேசுகிறான். ர, ற சரியாக வரவில்லை, அதற்கு இன்னும் வயது இருக்கிறது. ராத்திரி அம்மா பக்கத்தில் இல்லாமல் தூங்க மாட்டான். நம் வீடுகளில் அதை நான் குறையாக எழுதுவதில்லை.

அதற்கு முந்தைய மாதம்தான் அப்பா விடுப்பு முடிந்து கிளம்பியிருக்கிறார். இந்த முறையும் ராத்திரி தூங்கவைத்துவிட்டுப் போகலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எதிர்த்தவர் ஆச்சி. "பிள்ளைகிட்ட சொல்லிட்டுப் போல" என்றாராம். சொல்லிவிட்டுத்தான் போனார். பையன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான், வாந்தி எடுக்கவில்லை.

ஆனால் விளக்கேற்றியதும் வருவேன் என்று அம்மா சொல்லலாம். ஒரு வருடத்தை இந்த வயதுக்கு எப்படிச் சொல்வது என்று என்னிடமும் விடை இல்லை. இப்போது தினமும் வீடியோ காலில் அப்பா முகம் வந்ததும் பையன் கையை நீட்டுகிறான்.

"டிக்கெட்டு?"

"இன்னும் எடுக்கல மக்கா" என்கிறார் அவர்.